‘அங்கீகரிக்கப்பட்ட திட்டம்’ என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுக்கடன் தரும் வங்கிகளுக்கும், வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கும், அங்கே திட்ட ஒப்புதல் கோப்பில் கையெழுத்துப் போடும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

கட்டி முடியாத அடுக்குமாடி வீடுகளை விற்கும் அலுவலகங்களில் ஒரு சுவர் உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். உங்கள் சின்னங்களை வரிசையாக அச்சடித்து, லேமினேட் செய்து மாட்டியிருப்பார்கள். மேலே ‘அங்கீகரிக்கப்பட்ட திட்டம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் கூட்டிப்போவதில்லை. அது கடைசிக் கட்டத்துக்கானது. நாம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, எதிரில் இருக்கும் இளைஞருக்குப் பதில் தீர்ந்துபோகும் நேரத்தில் அவர் கை அந்தப் பக்கம் நீளும். “இத்தனை பேங்க் அப்ரூவ் பண்ணியிருக்காங்க சார். அவங்க லீகல் டீம் பார்க்காததையா நீங்க பார்த்துடப் போறீங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முன்பணத்தைக் கட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் புதுமை ஒன்றுமில்லை, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஐந்து தளம் வரை ஸ்லாப் போட்டார்கள். ஆறாவது தளத்தின் தூண்களுக்குக் கம்பி கட்டினார்கள். அதோடு வேலை நின்றது. முதலில் ஆள் இல்லை என்றார்கள், அப்புறம் மணல் இல்லை, அப்புறம் மழை. ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளிலிருந்து துரு வடிந்து, கீழே இருந்த தூண்களில் கோடு கோடாக இறங்கியிருந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, கட்டாத வீட்டுக்கு வட்டி என்று இரண்டையும் ஒரே சம்பளத்தில் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடன் கொடுத்த கிளைக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கோப்பை எடுத்துவந்து பொறுமையாகப் புரட்டினார். பிறகு சொன்னார்: “நாங்க பார்த்தது டைட்டில் சார். நிலம் கிளியரா இருக்கு. பில்டர் முடிப்பாரா மாட்டாரான்னு நாங்க எப்படிச் சொல்ல முடியும்?”

அவர் சொன்னது பொய்யில்லை. உங்கள் விதிப்படி அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

ஒரு திட்டத்தை ஆராயும்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது, கடன் திரும்பாவிட்டால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பது. மூலப் பத்திரம், வில்லங்கம், கட்டிட அனுமதி, என் சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்த ஆள் கட்டி முடிப்பாரா? சாவி கொடுத்த பிறகு கூப்பிட்டால் வருவாரா? உங்கள் கேள்விக்குக் கிடைத்த பதிலை எங்கள் கேள்விக்கும் பதிலாகச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். மாட்டுவது பில்டர்தான். தெரிந்தும் சும்மா இருப்பது நீங்கள்.

பெரிய நிறுவனமாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று என்னிடம் பலர் சொன்னார்கள். சீனாவின் எவர்கிராண்டைவிடப் பெரிய பெயர் அந்தத் தொழிலில் அதிகம் இருந்ததில்லை. 2022 ஜூன் கடைசியில், ஜிங்டெசென் நகரில் பாதியில் நின்ற எவர்கிராண்ட் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். குறித்த காலத்துக்குள் வேலை மறுபடி தொடங்காவிட்டால் கடன் தவணையை நிறுத்திவிடுவோம் என்றார்கள். சில வாரங்களுக்குள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான திட்டங்களில் வாங்கியவர்கள் அதையே சொன்னார்கள். 2024 ஜனவரி 29 அன்று ஹாங்காங் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் இன்னொன்று வெளியே வந்தது. அதன் முக்கியத் துணை நிறுவனம் 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் வருமானத்தை 56,400 கோடி யுவான் கூட்டிக் காட்டியிருந்தது என்றார்கள் சீனப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளர்கள். உலகின் மிகப் பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று கையெழுத்துப் போட்ட கணக்கு அது. அந்தத் தணிக்கை நிறுவனத்தின் சீனப் பிரிவுக்கு அபராதமும் ஆறு மாதத் தடையும் விதிக்கப்பட்டது.

தணிக்கை செய்தவர்களுக்கே இந்தக் கதி. வார விடுமுறையில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாதிரி வீடு பார்க்க வருகிறவர் என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்?

இந்தியாவில், ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கிவிட்டு வீடுகளைப் பாதியில் விட்ட அமரபாலி என்ற கட்டுமானக் குழுமத்தின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2019 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் பதிவை ரத்து செய்து, மீதி வேலையை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. வாங்கியவர்களின் பணம் வேறு கம்பெனிகளுக்குத் திருப்பிவிடப்பட்டதைத் தடயத் தணிக்கை காட்டிக்கொடுத்தது. அந்தத் தீர்ப்பில் வங்கிகளுக்கும் குட்டு விழுந்தது. கொடுத்த கடன் கட்டிடத்துக்குத்தான் போகிறதா என்று கவனிக்கத் தவறியதற்காக விழுந்த குட்டு அது. அந்தப் பணம் போன வழி வாங்கியவர்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லை. கணக்குகளை வைத்திருந்த உங்கள் தரப்புக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

சரி, பட்ட பிறகு வந்த புத்தியை வைத்து நான் இப்போது என்ன செய்கிறேன் என்பதையும் சொல்கிறேன். நீங்கள் எதைப் பார்ப்பதில்லை என்பது அதிலிருந்து புரியும்.

தெரிந்தவர் யாராவது வீடு வாங்கப் போகிறேன் என்று வந்தால், மாதிரி வீட்டுக்குப் போகவே விடமாட்டேன். அங்கே அறைகளுக்குக் கதவு இருக்காது. கட்டில் சாதாரணக் கட்டிலைவிட ஒரு சாண் குட்டையாக இருக்கும். எல்லாம் இடம் பெரிதாகத் தெரிவதற்கான ஏற்பாடு. அதே பில்டர் ஏழெட்டு வருஷத்துக்கு முன் கட்டி ஒப்படைத்த கட்டிடத்துக்குக் கூட்டிப்போவேன். முன்வாசலும் வரவேற்புக் கூடமும் பளிச்சென்று இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம். நேராகக் கீழே கார் நிறுத்தும் தளத்துக்கு இறங்க வேண்டும். மண்ணை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கிறதா, முழங்கால் உயரத்தில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா, மழை இல்லாத நாளிலும் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பேன். மேலே வந்தால் பால்கனியின் அடிப்பக்கம். காரை பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டினால், கம்பிக்கு மேல் விட வேண்டிய கான்கிரீட் கனத்தை அன்றைக்கு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கெல்லாம் பொறியியல் படிப்பு வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும்.

அப்புறம் அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரைத் தேடிப் பிடிப்பேன். எந்தக் கட்டிடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரிடம் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். அவரிடம் நான் முதலில் கேட்பது ஒழுகலையோ லிஃப்டையோ பற்றி அல்ல. பராமரிப்புக்கென்று எல்லாரிடமும் வசூலித்த வைப்புத்தொகையை பில்டர் எப்போது சங்கத்தின் கையில் கொடுத்தார், கணக்கோடு கொடுத்தாரா? அந்தப் பணம் பில்டருடையது அல்ல, அவர் வெறுமனே வைத்திருந்தது. அடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை எந்தச் சிற்றேடும் சொல்லாது. ஒருமுறை, இப்படிக் கேட்டதும் ஒரு செயலாளர் சிரித்துவிட்டு எழுந்துபோய், கோப்பு ஒன்றல்ல, மூன்று எடுத்துவந்தார். நண்பர் அங்கேயே மனசை மாற்றிக்கொண்டார்.

தாமதத்தைப் பற்றியும் கேட்பேன். தாமதமே ஆகாத பில்டரை நான் இதுவரை பார்த்ததில்லை, அதனால் எத்தனை மாதம் என்பது எனக்கு முக்கியமில்லை. தாமதம் வரப்போகிறது என்று அவராகவே எழுதித் தெரிவித்தாரா, இல்லை வாங்கியவர்கள் சேர்ந்து போய் வாசலில் நின்ற பிறகு சொன்னாரா? ஒப்பந்தத்தில் எழுதிய இழப்பீட்டைக் கொடுத்தாரா, இல்லை அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்றாரா? இரண்டாவது ரகத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செருப்புத் தேய நடந்தால் தெரிந்துவிடும். இதற்கு மேல் உள்ளவை காகிதத்தில் இருப்பவை. அங்கேதான் நாங்கள் திணறுகிறோம், அந்தக் காகிதங்களோ நீங்கள் அன்றாடம் புரட்டுபவை.

விளம்பரப் பலகையில் இருபத்தைந்து வருஷப் பெயர் இருக்கும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தால் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று கையெழுத்துப் போட்டிருக்கும். இந்த ஒரு திட்டத்துக்காகவே பதிவு செய்யப்பட்ட கம்பெனி அது. பெயரின் பின்பாதி மட்டும் பெரிய நிறுவனத்தோடு ஒத்துப்போகும். சட்டப்படி இதில் தவறில்லை, கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ள நல்லது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் திட்டம் கவிழ்ந்தால் எங்கள் வழக்கு அந்தக் குழந்தையின் மேல்தான். தாய் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருக்கிறதா என்று பில்டருக்குக் கட்டுமானக் கடன் கொடுக்கும்போது நீங்கள் கேட்காமல் இருப்பதில்லை. இயக்குநர்களின் சொந்த உத்தரவாதத்தையும் சேர்த்தே வாங்குவீர்கள். அதே கட்டிடத்தில் எனக்கு வீட்டுக்கடன் கொடுக்கும்போது மட்டும், என் பணத்துக்கு அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை என்பதை ஏன் சொல்வதில்லை?

நிலத்தின் மேல் உள்ள அடமானமும் இதே கதைதான். பல திட்டங்களில் பில்டர் நிலத்தை அடமானம் வைத்துத்தான் முதல் செங்கலை வைக்கிறார். கம்பெனிகளின் சொத்து மேல் உள்ள கடன் பொறுப்பைப் பதிவு செய்யும் அலுவலகம் பல நாடுகளில் உண்டு, அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டையும் விற்கும்போது கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று வேண்டும் என்பதும், பில்டர் அந்தப் பணத்தைக் கட்டாவிட்டால் தன் வீட்டின் மேலும் ஒரு கை விழலாம் என்பதும் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சில இடங்களில் பில்டருக்குக் கடன் கொடுத்ததும் எனக்குக் கடன் கொடுத்ததும் ஒரே நிறுவனமாக இருக்கும். என் கடன் தொகை பில்டரிடம் போய், அவர் கடனை அடைக்க உங்களிடமே திரும்பி வரும். அதில் மோசடி இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தவருக்கு அந்தத் திட்டத்தில் சொந்த நலன் இருக்கிறது என்பதைச் சுவரில் மாட்டிய தாள் சொல்ல வேண்டாமா?

அனுமதி எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இந்தியாவின் நொய்டாவில் சுமார் 100 மீட்டர் உயரத்தில் நின்ற இரட்டைக் கோபுரங்களுக்கும் அனுமதி இருந்தது. அந்த அனுமதியே விதிமீறல், அதைக் கொடுத்த அதிகாரிகளும் பெற்ற பில்டரும் கூட்டு என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 28 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற சட்டக் கருத்து அங்கே எதையும் பிடித்திருக்காது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. துபாயில் 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம், வாங்குபவரின் பணம் அந்தத் திட்டத்துக்கென்று உள்ள தனிக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வசூலாகும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. பொறியாளர், கட்டிடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று கொடுத்தால்தான், முடிந்த வேலையின் அளவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. அந்தத் தனிக் கணக்கு இருப்பது உங்களில் ஒருவரிடம். அதில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கட்டிடம் எவ்வளவு எழுந்தது என்ற மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க முடிந்தவர் நீங்கள்தான்.

சிட்னியில் ஓபல் டவர் என்ற 36 மாடிக் கட்டிடத்தில் 2018 டிசம்பர் 24 அன்று விரிசல் சத்தம் கேட்டு, குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். அந்த வருஷம்தான் கட்டி முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கட்டிட ஆணையர் என்று ஒருவரை நியமித்தது. பெரிய குறைபாடு இருந்தால் குடியேறும் சான்றையே நிறுத்திவைக்கும் அதிகாரத்தை 2020இல் சட்டமாக்கியது. கூடவே அங்கே பில்டர்களுக்கு நட்சத்திர மதிப்பீடு ஒன்றும் வந்தது. பில்டர் தாமாக முன்வந்து தன் கடந்தகாலத்தையும் நிதி நிலையையும் பின்னால் இருக்கும் ஆட்களையும் ஆராய விட வேண்டும். அதை நடத்துவது யார் தெரியுமா? ஈக்விஃபேக்ஸ். கடன் வாங்குகிறவர்களுக்கு மதிப்பெண் போடும் அதே நிறுவனம், உங்கள் தெருக்காரர்.

அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. எப்போதோ ஒரு கடன் அட்டையின் தவணையை நான்கு நாள் தாமதமாகக் கட்டியதற்கு என் மதிப்பெண் குறைந்திருந்தது. கடன் கேட்டுப் போன அன்று அதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதினேன். அந்தப் பணத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளப் போகிறவர் முந்தைய திட்டத்தை இரண்டரை வருஷம் தாமதமாக முடித்திருந்தார். அவரிடம் யாரும் விளக்கம் கேட்டதாக என் கோப்பில் இல்லை.

இன்னொன்றும் என் கோப்பில் இருந்தது. ஆறாவது தளத்துக்கான தவணையை விடுவிக்கும் முன் உங்கள் மதிப்பீட்டாளர் தளத்துக்குப் போயிருக்கிறார். ஒற்றைப் பக்க அறிக்கை. ‘வேலை நடைபெற்று வருகிறது’ என்ற ஒரு வரி, ஒரு புகைப்படம். படத்தில் ஆள் யாரும் இல்லை. தூண் கம்பிகள் மட்டும் நிற்கின்றன. அதை வைத்துத்தான் பணம் போனது. கட்டுமானத்தின் கட்டத்தோடு சேர்த்துத்தான் கடனை விடுவிக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. வாங்குபவருக்குப் பதிலாக பில்டரே வட்டி கட்டுகிற கடன் திட்டங்கள் வேண்டாம் என்று வீட்டு வசதி நிதி நிறுவனங்களிடம் தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையில் சொன்னது. எல்லாம் சரி. பணத்தை விடுவிப்பதற்கு முன் அந்த ஒற்றைப் பக்க அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தால், தளத்துக்கு ஒருநடை போய்ப் பார்த்து, நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேனே!

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒப்புதல் தாளில் எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தேதியில், எதையெதைப் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பில்டரின் திறனை நாங்கள் ஆராயவில்லை என்றால் அதையும் அதே எழுத்து அளவில் எழுதுங்கள். அதே நிலத்தின் மேல் பில்டருக்கும் நீங்கள் கடன் கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். தள அறிக்கையைக் கடன் வாங்கியவருக்கு அனுப்பி, ஒரு வாரம் பொறுத்துப் பணத்தை விடுங்கள்.

வாடிக்கையாளர் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதே, பில்டரும் எங்கள் வாடிக்கையாளர்தானே என்று கேட்பீர்கள். அவர் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒரு திட்டம் தடுமாறத் தொடங்கியதும் புதுக் கடன் கொடுப்பதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறீர்கள். ‘இப்போதைக்கு அந்தத் திட்டத்துக்குப் பார்ப்பதில்லை’ என்று கிளையில் வாய்மொழியாகச் சொல்வார்கள். அது உங்களுக்குத் தெரியும், பில்டருக்குத் தெரியும், கடன் ஏற்பாடு செய்யும் முகவருக்குக்கூடத் தெரியும். ஏற்கெனவே வாங்கியவருக்கும் நாளைக்கு முன்பணத்தோடு வரப்போகிறவருக்கும் மட்டும் தெரியாது. ஒப்புதல் கொடுத்ததை ஊருக்கெல்லாம் தெரியும்படி மாட்ட விட்ட நீங்கள், அதைத் திரும்பப் பெற்றதையும் அப்படியே தெரிவிக்கலாம். யாருடைய ரகசியமும் அதில் போகாது.

போன மாதம் அந்த விற்பனை அலுவலகத்தின் பக்கம் போனேன். பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். மாதிரிக் கட்டிடத்தின் மேல் தூசி, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். சுவரில் உங்கள் சின்னங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் மட்டும் ஓரத்தில் லேமினேஷன் பிரிந்து சுருண்டிருக்கிறது. யாரையாவது அனுப்பி அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாதம் பிறந்தால் உங்களுக்குத் தவணை கட்டுகிற ஒருவன்